திறப்புப் பாட்டை எழுதியவள்

மெல்பேர்ணின் தென்கிழக்குப் பகுதியில் ஒரு மருத்துவமனையின் அடித்தளத்தில் நான் வேலை செய்கிறேன். அறுவைச் சிகிச்சை முடிந்ததும் கத்திகளும் கத்தரிக்கோல்களும் இடுக்கிகளும் தட்டுத் தட்டாக லிஃப்டில் கீழே வரும். அவற்றைக் கழுவி, எண்ணி, நீராவியில் கிருமி நீக்கி, பொதிசெய்து மேலே அனுப்புவது எங்கள் வேலை. யன்னல் இல்லாத இடம். வெளியே மழையா வெயிலா என்பது தேநீர் இடைவேளையில்தான் தெரியும்.

ஏழு வருடங்களுக்கு முன் அங்கே அவள் வேலைக்கு வந்தாள். நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்த, தோள் அகன்ற பெண். தென்னாபிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியில், ஈஸ்ட் லண்டன் என்ற துறைமுகப் பட்டினத்துக்கு அருகே பிறந்தவள். முதல் நாளே இடுக்கிகளை எண்ணும்போது பாடினாள். வாயை மூடிக்கொண்டு, நெஞ்சுக்குள் வைத்து. நீராவி இயந்திரத்தின் இரைச்சலுக்கு அடியால் அந்தக் குரல் நிலத்தோடு நிலமாக வந்து என் காலைத் தொட்டது. நான் பேஸ் கிற்றார் வாசிக்கிறவன். இங்குள்ள தமிழ்க் கலியாணங்களிலும் ஆண்டு விழாக்களிலும் சினிமாப் பாட்டுகளுக்குப் பின்னால் நின்று இருபத்தைந்து வருடங்களாக வாசிக்கிறேன். நல்ல குரல் எது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் மேற்பார்வையாளர் வந்தார். பாடினால் எண்ணிக்கை பிழைத்துவிடும், ஒரு கத்தரிக்கோல் குறைந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்.

"பாடினாத்தான் எனக்கு எண்ணிக்கை பிழைக்காது" என்றாள் அவள்.

அவர் சிரித்தார். அடுத்த நாள், கருவிகளை அடுக்கும் இடத்தில் பாடக்கூடாது என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்தது. அதை அச்சடித்துக் கைகழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டினார்கள். அங்கே பாடுகிற ஆள் அவள் ஒருத்திதான். இருந்தும் எல்லோருக்கும் என்று எழுதியிருந்தது.

அன்று தேநீர் இடைவேளையில் நானாகப் போய்க் கதைத்தேன். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். இங்கே நான் பேசும் தமிழில்தான் அதை எழுதுகிறேன், எனக்கு வேறு விதமாக எழுத வராது. நான் அவளைவிடப் பத்து வயது மூத்தவன் என்று அறிந்ததும் என்னைப் 'பூட்டி' என்று கூப்பிடத் தொடங்கினாள். அவர்கள் மொழியில் அண்ணன் என்று அர்த்தம். எங்கள் மொழியில் அது கதவோடு சம்பந்தப்பட்டது என்று சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்ததை அதற்குப் பிறகு நெடுநாள் நான் பார்க்கவில்லை.

அவளுடைய இனத்துக்கும் மொழிக்கும் கோசா என்று பெயர். நான் எழுதும் இந்தச் சொல்லே பிழை. மாட்டை ஓட்டும்போது நாக்கின் ஓரத்தைக் கன்னத்தோடு சேர்த்துச் சொடுக்குவோமே, அந்தச் சொடுக்குத்தான் அதன் முதல் ஒலி. அதற்குத் தமிழில் எழுத்து இல்லை. அந்த மொழியில் மூன்று வகைச் சொடுக்குகள் உண்டு. நமக்கு ழகரம் எப்படியோ அப்படி, சொல்லுக்குள் வந்துபோகும் சாதாரண ஒலிகள். அவளுடைய பெயரிலும் ஒன்று இருக்கிறது. எங்கள் வேலைத்தலத்தில் ஒருவராவது அந்தப் பெயரைச் சரியாகச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

அவளுடைய தாய் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர். அங்கே ஸ்வரக் கோடுகள் கிடையாதாம். டோ, ரே, மி என்பவற்றின் முதலெழுத்துகளையும் நடுவே புள்ளிகளையும் போட்டுத்தான் முழுக் குழுவும் பாட்டைப் படிக்கும். அவளும் அப்படித்தான் எழுதுவாள். நீல மட்டை போட்ட கொப்பி ஒன்று வைத்திருந்தாள். நான் ச, ரி, க என்று எழுதிப் பழகியவன். அரை மணி நேரத்தில் அவளுடைய எழுத்து எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஆனால் அவை தேவாலயப் பாட்டுகள் அல்ல. சோல் பாட்டுகள். ஏமாந்த பெண்ணும் ஏமாற்றிய ஆணும், திரும்பி வராத கடிதமும், திரும்பி வந்து வாசலில் நிற்கிறவனுக்கு என்ன பதில் சொல்வது என்பதும்தான் விஷயம். இசை கறுப்பு அமெரிக்காவிலிருந்து வந்தது. சொற்கள் முழுக்கக் கோசா.

இருபது வயதில் ஜொஹானஸ்பேர்க் போனாள். பெயர்பெற்ற ஒரு பாடகிக்குப் பின்னால் நின்று ஒன்பது வருடங்கள் கோரஸ் பாடினாள். "அவவின்ர பின்கழுத்தை எனக்குத் தெரிஞ்ச மாதிரி அவவின்ர புருசனுக்கும் தெரியாது" என்று சொல்வாள். தனியாகப் பாட ஒரு வாய்ப்புக் கிடைக்கிற நேரத்தில் கலியாணம். கணவன் டீசல் மெக்கானிக். அவனுக்கு ஆஸ்திரேலிய விசா கிடைத்தது. கைக்குழந்தையோடு மெல்பேர்ண் வந்தார்கள். நான்கு வருடங்களின் பின் அவன் பேர்த் பக்கம் சுரங்க வேலைக்குப் போனான். இரண்டு கிழமை வேலை, ஒரு கிழமை, அதாவது ஏழு நாள், வீடு என்று சொல்லித்தான் போனான். மூன்றாவது தடவை போனவன் வரவில்லை. மகளோடு அவள் நோபல் பார்க்கில், ரயில் பாதையோரம், இரண்டு அறை வீட்டில் இருந்தாள்.

அந்த வீட்டில்தான் சனிக்கிழமைப் பின்னேரங்களில் நாங்கள் வாசிக்கத் தொடங்கினோம். குசினிக் கதிரையில் நான் பேஸ் கிற்றாரோடு. அவள் அடுப்போரம் நின்றபடி. மகளுக்கு அப்போது பதினொரு வயது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாள். தாய் கோசாவில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். என் வீட்டிலும் அதே கதைதான் என்பதால் அதைப்பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை புதுப் பாட்டொன்று வைத்திருந்தாள். கணவன் போனபோது வீட்டின் இரண்டாவது திறப்பைக் கொண்டு போய்விட்டான். இனி வரப்போவதில்லை என்று தெரிந்தும் திறப்பை ஏன் கொண்டுபோனான்? அதுதான் பாட்டு. திறப்பு என்றால் சாவி. அவர்கள் மொழியில் அந்தச் சொல்லின் நடுவே ஒரு கன்னச் சொடுக்கு வரும். பல்லவியில் அந்தச் சொல் நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் சொடுக்கு தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் விழும். உள்ளே இருந்து யாரோ பூட்டைத் திருகிப் பார்ப்பது மாதிரி. நான் வாசிப்பை நிறுத்திவிட்டேன்.

"ஏன் நிப்பாட்டினீங்கள்?"

"நீர் பாடும். நான் பேந்து சேருறன்."

கைப்பேசியில் அதைப் பதிந்து ஊரில் இருக்கும் தங்கைக்கு அனுப்பினாள். தங்கையும் தேவாலயக் குழுவில் பாடுகிறவள். அதோடு அந்த விஷயத்தை மறந்துவிட்டோம்.

இதை ஆட்கள் கேட்கவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்தது. நான் கேட்காத இடமில்லை. ஒரு கலாசார விழாக்காரர் பறை மாதிரி ஏதாவது கொண்டு வருவாளா என்று கேட்டார். இன்னொருவருக்கு மணிமாலையும் முகத்தில் வெள்ளைப் புள்ளிகளும் வேண்டியிருந்தது. ஒரு கஃபேக்காரி குரல் அற்புதம், ஆங்கிலத்தில் பாடினால் வெள்ளிக்கிழமைகளைத் தருகிறேன் என்றாள். அவள் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: "நான் சோல் பாடகி." சிலருக்கு அது விளங்கவில்லை. சிலருக்கு விளங்கியது, ஆனால் அவர்களிடம் அதற்கு இடமில்லை.

கடைசியில் எங்கள் ஆட்களிடமே போனேன். தமிழ்ச் சங்க ஆண்டு விழா, ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம், டண்டினோங்கில் ஒரு மண்டபம். தலைவர் எனக்குத் தெரிந்தவர்.

"அண்ணை, அவ பாடட்டும், பிரச்சினையில்லை" என்றார். "ஆனா முதல்லை ஒரு தமிழ்ப் பாட்டுப் பாடச் சொல்லுங்கோ. சனத்துக்கு விசராப் பிடிக்கும். பேந்து அவவின்ர பாட்டைப் பாடட்டும்."

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அவளுக்கு நானே ஒரு சினிமாப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தேன். ஆறு கிழமை. ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்டாள். அர்த்தம் தெரியாமல் பாடமாட்டாளாம். ழகரத்தை இரண்டு நாளில் பிடித்தாள். நான் சிரித்தபோது, "உங்களுக்கு என்ர பேரைச் சொல்ல இன்னும் வரேல்லை" என்றாள்.

விழாவில் அவள் தமிழில் முதல் வரி பாடியதும் மண்டபம் எழுந்து நின்றது. விசில். நூறு கைப்பேசிகள் மேலே போயின. ஒரு அன்ரி மேடைக்கே ஏறி வந்து கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார். பேஸ் வாசித்துக்கொண்டிருந்த எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாட்டு முடிந்தது. இரண்டாவதாகத் திறப்புப் பாட்டைத் தொடங்கினாள். அதே நேரம் பின்னால் சாப்பாட்டு மேசையைத் திறந்துவிட்டார்கள். முதலில் பிள்ளைகள் எழும்பினார்கள், பிறகு தாய்மார், பிறகு எல்லோரும். கொத்துரொட்டிக்கு வரிசை மேடை வரைக்கும் வந்தது. அவள் ஒரு சொல்லையும் விடாமல் முழுப் பாட்டையும் பாடினாள். முதல் வரிசையில் என் மனைவியும் வேறு நாலைந்து பேரும் இருந்தார்கள்.

திரும்பும்போது காரில் ஏறிப் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "உங்கட சனம் தங்களுக்குத்தான் கைதட்டினது, பூட்டி."

நான் மட்டும் என்ன, எழுந்து நின்ற அந்த மண்டபத்தைப் பார்த்துத்தானே பெருமைப்பட்டேன்.

அந்தத் தமிழ்ப் பாட்டு வீடியோ ஒரு கிழமைக்குள் எங்கெல்லாமோ போய்விட்டது. எடுத்தவர் நிறுத்த மறந்ததால் அதன் முடிவில் திறப்புப் பாட்டின் முதல் பல்லவியும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சிட்னியிலிருந்து ஒரு இசைத் தயாரிப்பாளர் எழுதினார். தமிழ்ப் பாட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடைசியில் வரும் அந்தப் பாட்டு யாருடையது என்று கேட்டிருந்தார்.

நாங்கள் இருவரும் லீவு போட்டுவிட்டுச் சிட்னி போனோம். ஹோம்புஷில் என் மச்சாளின் வீட்டில் தங்கினோம். காலையில் கீழே உள்ள கடையில் தோசை சாப்பிட்டாள். இரண்டு தோசை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். ஸ்டூடியோ பழைய தொழிற்சாலை ஒன்றுக்குள் இருந்தது. தயாரிப்பாளர் முப்பது வயது மதிக்கத்தக்க, மிக மரியாதையான மனிதர். அவரே தேநீர் போட்டுக் கொடுத்தார். பிறகு ஒரு ஒப்பந்தத்தைக் கணினிப் பலகையில் நீட்டினார். அவள் அதை என்னிடம் தந்தாள்.

இதை எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். எங்கள் ஆட்களுக்கு விசாப் படிவம், பள்ளிக்கூடப் படிவம், வீட்டு வாடகைப் படிவம் எல்லாம் நிரப்பிக் கொடுக்கிறவன் நான். 'அண்ணையிட்டைக் குடுத்தா ஒரு பிழையும் வராது' என்று சொல்வார்கள். அந்த நினைப்போடு நாலு பக்கத்தையும் வாசித்தேன். பதிவில் உள்ள எந்த ஒலியையும், முழுதாகவோ பகுதியாகவோ, எந்த வடிவிலும் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருந்தது. கண்டேன். இணையத்தில் போடுவதையும் வானொலியில் போடுவதையும் சொல்கிறார்கள் என்று நினைத்தேன்.

"பயமில்லை, போடும்" என்றேன்.

அவள் விரலால் கையெழுத்துப் போட்டாள்.

முழுப் பாட்டையும் இரண்டு தடவை பதிந்தார். மிக அழகாக வந்தது. பிறகு கேட்டார், அந்தச் சொடுக்கை மட்டும் தனியாகத் தரமுடியுமா? வேகமாக, மெதுவாக, மைக்குக்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி. பாட்டுக்குள் நுணுக்கமாகச் சேர்க்கத்தான் என்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று சொடுக்கிக்கொண்டேயிருந்தாள். திரும்பிவரும் ரயிலில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "வாய் நொந்து போச்சு" என்றாள். பாட்டு எப்போது வரும் என்று மகளுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டு வந்தாள்.

பாட்டு வரவேயில்லை. முதலில் 'வேலை நடக்கிறது' என்று பதில் வந்தது. பிறகு பதிலே வரவில்லை. ஒரு வருடம் போனது.

ஒருநாள் மதியம் மருத்துவமனைக் கன்ரீனில் இருந்தோம். சுவரில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. ஐஸ்கிறீம் விளம்பரம் ஒன்று. ஒரு பெண் கண்ணை மூடி, சொக்கலேற் பூசிய ஐஸ்கிறீமைக் கடிக்கிறாள். சொக்கலேற் உடைகிற ஒவ்வொரு தடவையும் ஒரு சொடுக்கு. பின்னால் அதே சொடுக்குகளால் ஆன துள்ளல் தாளம். எனக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. அவள் கரண்டியை வைத்தாள்.

"அது என்ர நாக்கு" என்றாள்.

மேசையில் இருந்த மற்றவர்களுக்கு விளங்கவில்லை. அவள் விளம்பரம் முடியும்வரை பார்த்தாள், சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள், கீழே வேலைக்குப் போனாள்.

கலைஞர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் ஒரு வழக்கறிஞரிடம் போனோம். அன்பான பெண்மணி. நாலு பக்கத்தையும் வாசித்துவிட்டு அந்த வரியின்மேல் பென்சிலை வைத்தார். இதில் கையெழுத்து இருக்கிறது, நான் செய்யக்கூடியது அதிகமில்லை என்றார். முழுப் பாட்டின் பதிவும் அவர்களுடையதுதான். ஆனால் பாட்டு, அதாவது இசையும் சொற்களும், அவளுடையவை. அவற்றை அவள் மறுபடி புதிதாகப் பதியலாம். அப்போது அது எங்களுக்கு ஆறுதலாகப் படவில்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவர் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஊரிலை உள்ள எல்லாற்ற ஃபோமும் நீங்கள்தானே நிரப்பிறது" என்றார். "அவவின்ர ஒரு ஃபோமைச் சரியா வாசிக்கேல்லையே?"

"வாசிச்சனான்."

"அப்ப?"

அவள் என்னை ஒருநாளும் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் நித்திரை கொண்டிருப்பேன்.

எட்டு மாதங்கள் அவள் பாடவில்லை. சனிக்கிழமைகளில் வேறு வேலை இருக்கிறது என்பாள். மின்னஞ்சல் ஒட்டப்பட்ட பிறகும் மேற்பார்வையாளர் இல்லாத நேரத்தில் கேட்கும் அந்த நெஞ்சுக்குள் பாட்டும் நின்றுவிட்டது. இடுக்கிகளை ஆங்கிலத்தில் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. கடையில் அந்த ஐஸ்கிறீம் பெட்டியைக் கண்டால் நான் அடுத்த வரிசையால் சுற்றிப் போவேன். பைத்தியக்காரத்தனம்தான்.

அவளை மறுபடி பாடவைத்தது என் ஆறுதலோ வழக்கறிஞரின் புத்தியோ அல்ல. அவளுக்கு வந்த கோபம். ஒரு புதன்கிழமை தங்கையிடமிருந்து வீடியோ வந்திருந்தது. தேநீர் இடைவேளையில் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவளுடைய ஊரில் ஒரு மரணவீடு. கறுப்புப் பாவாடையும் சிவப்புச் சட்டையும் போட்ட ஐம்பது அறுபது பெண்கள் பெட்டியைச் சுற்றி நின்று பாடுகிறார்கள். நாலு குரலாகப் பிரித்து, மலை நகர்வது மாதிரி மெதுவாக. இரண்டாவது வரியில் எனக்குப் பிடிபட்டது. திறப்புப் பாட்டு.

"நல்லாத்தானே பாடுகினம்" என்றேன்.

"நல்லாப் பாடுகினமோ? மரணவீட்டிலை பாடுகினம், பூட்டி! என்ர புருசனைப் பற்றின பாட்டை!"

தங்கை தன் குழுவுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். குழுவிலிருந்து பக்கத்துத் தேவாலயத்துக்குப் போயிருக்கிறது. அங்கிருந்து அடுத்த ஊருக்கு. அவர்கள் மொழியில் அவன், அவள் என்ற வித்தியாசம் கிடையாது. 'திறப்பைக் கொண்டுபோய்விட்டார்' என்று கேட்பவர்கள் இறந்தவரை நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்காரர் போய்விட்டார், இனி அந்தக் கதவு திறக்காது. இப்போது அந்தப் பகுதியில் அந்தப் பாட்டு இல்லாமல் சவம் எடுப்பதில்லையாம்.

அதுகூடப் பரவாயில்லை. அவள் ஒரு குழுவின் தலைவருக்குத் தொலைபேசி எடுத்து, இது நான் எழுதியது என்றிருக்கிறாள். அவர் மிகுந்த பொறுமையோடு, "இல்லைப் பிள்ளை, இது பழைய பாட்டு. என்ர அம்மாவின்ர காலத்திலேயே பாடினவை" என்று சொல்லியிருக்கிறார்.

"என்னத்தைச் சொல்லுறது?" என்றாள். "இஞ்சை என்ர நாக்கை வெட்டி எடுத்தாங்கள். அங்கை என்னைச் சாக்காட்டிப் போட்டாங்கள். நான் உயிரோடை இருக்கிறன். நோபல் பார்க்கிலை இருக்கிறன்."

பிறகு நீலக் கொப்பியின் பக்கத்தைப் படமெடுத்து, அது எழுதிய திகதியோடு, அந்தப் பகுதி வானொலி நிலையத்துக்கு அனுப்பினாள். ஒரு மாதம் கழித்து அவர்கள் பேட்டி எடுக்கச் சம்மதித்தார்கள். அங்கே காலை, இங்கே மாலை ஆறு மணி. வேலை முடிந்து மருத்துவமனைக் கார் தரிப்பிடத்தில், என்னுடைய காருக்குள் கண்ணாடிகளை மேலே ஏற்றிவிட்டு அவள் பேசினாள். பக்கத்து இருக்கையில் நான் மூச்சு விடாமல் இருந்தேன். கோசாவில் நடந்த பேச்சு, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அறிவிப்பாளர் தொடக்கத்திலேயே அவளுடைய பெயரைச் சொன்னார். சொடுக்கு சரியான இடத்தில் விழுந்தது. அவள் ஒரு கணம் கண்ணை மூடினாள். அடுத்த வசனத்தில் முகம் சுருங்கிவிட்டது.

முடிந்ததும் கேட்டேன். "என்ன சொன்னவர்?"

"எத்தினை வருசத்துக்குப் பிறகு ஒரு மனிசன் என்ர பேரைச் சரியாச் சொன்னவன். சொல்லிப்போட்டு, 'ஆஸ்திரேலியப் பாடகி' எண்டான்."

"பாட்டு உம்முடையது எண்டு ஒத்துக்கொண்டவரோ?"

"ஓம். 'பழைய பாட்டைப் புதுசாக்கினவ' எண்டு சொன்னவர்."

பிறகு அவள் கதவைத் திறந்தாள். "சனிக்கிழமை கிற்றாரைக் கொண்டு வாங்கோ" என்றாள்.

யாரிடமும் கேட்காமல் நாங்களே பதிவதென்று முடிவுசெய்தோம். ஸ்பிரிங்வேலில் ஒரு சின்னத் தேவாலயம் ஞாயிறு மதியங்களில் மண்டபத்தைத் தந்தது. நான், சங்க விழாக்களில் என்னோடு கீபோர்ட் வாசிக்கும் ஒரு நண்பர், ட்ரம்ஸுக்கு அவருடைய தங்கை. ஏழு பாட்டுகள், ஐந்து மாதம். பக்கத்தில் ரயில் போனால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கவேண்டும். கோரஸுக்கு ஆள் இல்லை. அவளே நாலு குரலையும் ஒவ்வொன்றாகப் பதிந்தாள். "ஒன்பது வருசம் பழகினது, இப்ப எனக்குப் பின்னாலை நானே நிக்கிறன்" என்றாள். மகளுக்குப் பதினாறு வயதாகியிருந்தது. ஒருநாள் தாயைக் கூட்டிப்போக வந்தவள், ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு, மேல்குரல் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். தாய்க்குக் கோபம் வந்தது. திருப்பிப் போட்டுக் கேட்டோம். தாழ்ந்துதான் இருந்தது.

போன மார்ச் மாதம், அதே மண்டபத்தில், ஒரு ஞாயிறு பின்னேரம் வெளியீடு. நூறு கதிரை போட்டோம். நாற்பதுக்கும் குறைவான ஆட்கள் வந்தார்கள். வேலைத்தலத்திலிருந்து ஆறு பேர். மேற்பார்வையாளரும் வந்திருந்தார், அதை நான் எதிர்பார்க்கவில்லை. வாசலில் என் மனைவி ரோல்ஸும் தேநீரும் வைத்திருந்தார். இடைவேளைக்கு முன் யாருக்கும் ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று அவருக்கு நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

"நான் என்ன, கொத்துரொட்டிக் கடையே வைச்சிருக்கிறன்?" என்று என்னைக் கடிந்தார்.

திறப்புப் பாட்டுக்கு முன் அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினாள். "இந்தப் பாட்டை நான் நோபல் பார்க்கிலை, ரயில்பாதைக்குப் பக்கத்திலை, குசினியிலை இருந்து எழுதினனான். இது பழைய பாட்டு இல்லை. இதிலை ஒருத்தரும் சாகேல்லை. அவர் பேர்த்திலை நல்ல சுகமா இருக்கிறார்."

சனம் சிரித்தது. அவள் சிரிக்காமல் பாடினாள். பல்லவியில் அந்தச் சொடுக்குகள் ஒவ்வொன்றும் தன் சொல்லுக்குள் இருந்தன. ஒருவரும் கதிரையை விட்டு எழும்பவில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, பிறகு அவள் புகழ்பெற்றாள் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பத்திரிகையும் எழுதவில்லை. சமூக வானொலி ஒன்று இரண்டு பாட்டைப் போட்டது. பெயரைப் பிழையாகச் சொன்னது. பெரிய விழா ஒன்றுக்கு விண்ணப்பித்தோம். எந்த வகை இசை என்ற கேள்விக்குச் சோல் என்று போட்டிருந்தாள். அவர்களே அதை 'உலக இசை' என்று மாற்றி, ஞாயிறு காலை பத்து மணிக்கு, சாப்பாட்டுக் கூடாரத்துக்குப் பக்கத்தில் இருபது நிமிடம் தந்தார்கள். அவள் தொலைபேசியில் கூப்பிட்டுச் சண்டை பிடித்தாள். மற்ற மேடையில் பாடும் வெள்ளைக்காரப் பெண்ணும் அமெரிக்காக்காரரின் இசையைத்தானே பாடுகிறாள், அவள் மட்டும் எப்படிச் சோல் என்று கேட்டாள். பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் சொல்லவில்லை. ஊரில் மரணவீடுகளில் பாடுவதும் நிற்கவில்லை. தங்கையின் குழு மட்டும் இப்போது பாட்டுக்கு முன் அவளுடைய பெயரைச் சொல்கிறதாம்.

வெளியீட்டுக்கு அடுத்த நாள் திங்கட்கிழமை. எனக்கு முதுகு வலி, தொண்டை கட்டியிருந்தது. இருந்தும் ஏதோ சாதித்துவிட்ட மிதப்பில் கையுறையை மாட்டிக்கொண்டு போனேன். முழங்கால் அறுவைச் சிகிச்சைத் தட்டுகள் நிறைய வந்திருந்தன. அவள் ஏற்கெனவே தொட்டியடியில் நின்றாள். நேற்று எப்படி என்று கேட்கவேண்டும்போல் இருந்தது. கேட்டேன்.

"மூண்டாவது பாட்டிலை தாளத்துக்கு முன்னாலை ஓடினீங்கள்" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

"ஆர், நானோ?"

"நீங்கள்தான். ட்ரம்ஸ் பிள்ளை பாவம், உங்களைப் பிடிக்க ஓடினது. நான் மூச்சு எடுக்கிற இடத்தையே விழுங்கிப்போட்டீங்கள்."

ஓடவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். முந்தின நாள் வாசித்ததை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

"ஓம்" என்றேன். "ஓடினனான்."

"சனிக்கிழமை வாங்கோ. மெட்ரோனோம் தாளத்தைப் போட்டுத் திருப்பிச் செய்வம்" என்றுவிட்டு அடுத்த தட்டை இழுத்தாள்.